ஆறாவது வெளியாள்

எங்கள் ரக்பி அணியில் பந்து வராத மூலை ஒன்று இருந்தது. நான்கு வருடமாக அந்த மூலையில் ஐந்தாம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்றவன் நான். விதிப்புத்தகத்தில் அந்த இடத்துக்கு இடது விங் என்று பெயர். எங்கள் பயிற்சியாளர் கிரிஜா அதை “சபரி சார் இடம்” என்பார், அபார்ட்மெண்டில் பார்க்கிங் ஒதுக்கிக் கொடுத்த மாதிரி.

சபரி என்பது நான்தான். கோயம்புத்தூர்க்காரன். புனேயில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை. ஔந்தில் ஃப்ளாட், ஒரு ஸ்கூட்டர், அமலா என்று ஒரு மனைவி, நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது, அதற்கும் முன்னால் எட்டிப் பார்க்கும் தொப்பை. அந்தத் தொப்பையைக் கரைக்கத்தான் ஆற்றுப்பாலம் தாண்டி கட்கி மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலைத் தமிழ்க் குடும்பத்துப் பையன்கள் சேர்ந்து ரக்பி லீக் ஆடுகிறார்கள். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முன்னால் வீசக்கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம். ஆறு தடவை மடக்கிப் போட்டுவிட்டால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் புள்ளி. இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் கூட்டம் கூட்டத் தெரியும், மெயில் எழுதத் தெரியும். அதனால் வந்த புதிதிலேயே மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். மேனேஜரைப் பார்த்து “நீங்கள் ஆட வேண்டாம்” என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. அவர்களுடைய அந்தக் கூச்சத்தில்தான் நான்கு வருடம் ஆடினேன். நடுவில் ஒரே ஒரு தடவை பந்து என்னிடம் வந்தது, கீழே போட்டேன். அதற்குப் பிறகு அதுவும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

வெளியே என் பந்தாவைக் கேட்க வேண்டாம். ஆபீஸ் வலைப்பக்கத்தில் என் பெயருக்குக் கீழே “ரக்பி வீரர்” என்று போட்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியை அவரவர் வீட்டில் துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அமலா என்னுடையதை மெஷினில் போட்டு, இஸ்திரி போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மடித்து வைப்பாள். நான்கு வருடத்தில் ஒரு கறை கிடையாது. மற்றவர்கள் ஜெர்சி எல்லாம் கந்தலாகிவிட்டது, என்னுடையது மட்டும் புதுசு போலவே இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை வேறு.

இந்த வருடம் எங்கள் கிளப் லீக்கில் கடைசி. கடைசியில் இருப்பவர்களை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கிளப் தலைவர் சவரிமுத்து தொழிற்சாலையில் ஃபோர்மேன், ஆடிய காலத்தில் எதிரணியைக் கதிகலங்க வைத்தவர். அவர் என்னைக் கூப்பிட்டு, “சபரி சார், நீங்க ஆள் புடிக்கிற வேலைதானே பண்றீங்க? நமக்கும் நாலு ஆளைப் புடிங்க” என்றார்.

தொழிலில் சீண்டினால் சும்மா இருப்பேனா? ஒரே மாதத்தில் ஐந்து பேரைக் கொண்டுவந்தேன். அதில் முதல் ஆள் தத்தா. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, விடிகாலையில் தாலீம் என்கிற மல்யுத்தக் கூடத்தில் குஸ்தி. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஆபீஸ் பழக்கத்தில் அவனை உட்காரவைத்து, “ஐந்து வருடம் கழித்து உங்களை நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்?” என்று ஹிந்தியில் கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, “ரஞ்சன்காவ்” என்றான். அந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். மோதுகிறவன், உதைக்கிறவன், மடக்குகிறவன் எல்லாம் எடுத்தேன். ஓரத்தில் ஓடத் தெரிந்தவன் ஒருவனைக்கூட எடுக்கவில்லை. கேட்டால், “இப்போதைக்கு அந்த இடத்தில் தேவை இல்லை” என்றேன்.

ஆபீஸ் வழக்கம் இன்னொன்றையும் உள்ளே புகுத்தினேன். எங்கள் கம்பெனியில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், வருகிறவருக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கே.டி. கொடுப்பது என்பார்கள். அதே மாதிரி, இடம் இழக்கிறவர் புதியவரைக் கோட்டோரமாகக் கூட்டிப்போய்த் தெரிந்ததைச் சொல்லி, தன் கையால் ஜெர்சியைக் கொடுக்க வேண்டும் என்றேன். பழைய முன்வரிசைக்காரர் லூர்துசாமி தத்தாவுக்குக் கொடுத்த கே.டி. மொத்தமும், “தலையைக் குனி. மோது” என்பதுதான். கொடுத்துவிட்டு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். என் யோசனை எவ்வளவு அருமை என்று எனக்கே புல்லரித்தது.

நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். அதோடு புகைச்சலும் ஆரம்பித்தது. புதியவர்கள் ஐந்து பேர் உள்ளே வந்ததால் எங்கள் இளைஞர் அணியிலிருந்து வளர்ந்த பையன்கள் பெஞ்சுக்குப் போனார்கள். அந்தப் பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவன் சுனில், சவரிமுத்துவின் மகன், பத்தொன்பது வயது, காற்று மாதிரி ஓடுவான். அவன் ஓடுவது எந்த ஓரத்தில் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கூட்டத்தில் சவரிமுத்து எழுந்தார். “இன்னா சார் இது? ஜெயிக்கிறோம், டீக் ஹை. ஆனா நம்ம பசங்க எல்லாம் பெஞ்சுல குந்திகினு இருக்குதுங்க. என் புள்ளைக்காகச் சொல்லல. இப்டியே போனா நாளைக்கு எந்தப் பையன் மைதானத்துக்கு வருவான்?”

நான் எழுந்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வடா பாவ் தின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத்தான் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் பேசாமல் இருக்க முடியாதே! புதிய ரத்தமும் வேண்டும், சொந்த ரத்தமும் வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். முடிவில் ஒரு விதியையும் முன்மொழிந்தேன். களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளியாட்களுக்கு மேல் இருக்கக்கூடாது. வெளியாள் என்றால் யார்? எங்கள் இளைஞர் அணியில் வளராதவர், கிளப்புக்கு வந்து ஐந்து வருடம் ஆகாதவர். இந்த ஐந்து வருடத்தைச் சேர்த்தது, எப்போதோ வேறு கிளப்பிலிருந்து வந்த லூர்துசாமி போன்ற பழைய ஆட்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அவ்வளவு நல்ல மனது எனக்கு.

உண்மையில் நான் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருந்தேன். நான் கொண்டுவந்தவர்கள் ஐந்து. விதி அனுமதிப்பது ஐந்து. அதாவது எதுவும் மாறப்போவதில்லை. பையன்களுக்கு மனநிறைவு, எனக்கு நல்ல பெயர். ஏகமனதாக நிறைவேறியது. சவரிமுத்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “பாருங்கடா, படிச்சவங்க படிச்சவங்கதான்” என்றார். நானும் வெட்கப்படுவது மாதிரி சிரித்தேன்.

அதற்கு அடுத்ததே கடைசி ஆட்டம். சமன் செய்தால் லீக்கில் நீடிப்போம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த வாரம் பார்த்து அமலாவின் அண்ணன் கோகுல்நாத் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினார். “மாப்ள, நாலு வருசமா போன்ல அலப்பறை பண்றீங்களே, அந்த முட்டைப் பந்து ஆட்டத்தை ஞாயித்துக்கிழமை நானும் வந்து பாத்துடறேன்” என்றார். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட மைதானத்துக்கு வராத அமலாவும், “நானும் வர்றேனுங்க” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்து வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, ஐந்தாம் எண்ணோடு களத்தில் நிற்பதை அமலா பார்த்தால் போதும். வேறு எதுவும் அந்த வாரம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமைப் பயிற்சி முடிந்ததும் கிரிஜா அணியை வாசித்தார். “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு, சுனில்.”

“கோச், அஞ்சு நானுங்க” என்றேன், சிரித்துக்கொண்டே.

“வெளியாள் ஆறு ஆகுது சார்.”

“அஞ்சு பேர்தானுங்களே இருக்காங்க? தத்தா, அப்புறம்...” என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை விரல்கள் சரியாகத் தீர்ந்தன. “யாருங்க அந்த ஆறாவது ஆளு?”

கிரிஜா என்னைப் பார்த்தார். பையன்களும் பார்த்தார்கள். தமிழ் தெரியாத தத்தாகூட, “காய் ஜாலா, சாஹேப்?” என்று, என்ன ஆச்சு என்கிற பரிதாபத்தோடு கேட்டான்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இளைஞர் அணியில் வளராதவர். வந்து ஐந்து வருடம் ஆகாதவர். அடப் பாவி மனுஷா! ஊரில் இருக்கும் எல்லோரையும் வெளியாளா என்று சல்லடை போட்டுச் சலித்தேனே, சல்லடையைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பார்த்தேனா? தத்தா பிறந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் பிறந்த ஊருக்கு ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டும். அவன் வெளியாள், நான் உள்ளாள் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்று முழங்கியிருக்கிறேன். என் தலையில் மண்ணை வாரிப் போட வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை.

“அப்ப அஞ்சுல ஒருத்தரை எடுத்துடலாமுங்களே” என்றேன், குரலை இறக்கி.

“எடுக்கலாம். யாரைன்னு சொல்லுங்க. மேனேஜர் நீங்கதான்.”

ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோரும் நான் தேடித் தேடி எடுத்தவர்கள். பாழாய்ப் போன என் திறமை, ஒருவன்கூட மோசமில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டும்போது உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. நான்கு வருடம், வெயிலோ மழையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். வெளியாளாம். வீட்டில் மூச்சு விடவில்லை. அமலா ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை சவரிமுத்து போன் செய்தார். “அரே சபரி சார், உங்களை எவன் வெளியாள்னான்? நீங்க நம்ம ஆளு. கிரிஜாகிட்ட பேசிட்டேன், தலைவர் சொன்னா சரின்னுட்டா. நாளைக்கு அஞ்சாம் நம்பர் நீங்கதான்.”

“சுனில்...” என்றேன். அந்த ஒரு வார்த்தையைக்கூட ரொம்ப மெதுவாகத்தான் சொன்னேன், அவர் மனம் மாறிவிடக்கூடாதே!

“அவனுக்கு இன்னா, சின்னப் பையன், அடுத்த வருஷம் ஆடிக்கட்டும். என் புள்ளைய நானே உள்ள தள்ளுனேன்னு எவனும் பேசக்கூடாது பாருங்க. நீங்களே சொல்லிடுங்க அவன்கிட்ட. அப்பன் சொன்னா அடம் புடிப்பான்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். “ரொம்ப நன்றிங்ணா” என்றேன். அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

காலையில் மைதானத்துக்கு நான் முன்னால் போய்விட்டேன். அமலாவும் கோகுல்நாத்தும் பின்னால் வாடகைக் காரில் வருவதாக ஏற்பாடு. முதல்நாள் மழை பெய்து தரை சேறாகக் கிடந்தது. சுனிலிடம் சொல்ல வேண்டும். இதில்தான் ஒரு சிக்கல். இத்தனை வருடம் ஆள் எடுத்திருக்கிறேனே தவிர, “உனக்கு இடமில்லை” என்று ஒருவன் முகத்தைப் பார்த்து நான் சொன்னதே கிடையாது. “பிறகு தொடர்புகொள்கிறோம்” என்று ஒரு மெயில் தட்டிவிடுவேன், போனை எடுக்க மாட்டேன். அவர்களும் நாளடைவில் புரிந்துகொள்வார்கள். சுனில் எனக்கு எதிரில் நின்றான். தலைமுடியைப் புதிதாக வெட்டியிருந்தான். பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான்.

“தம்பி,” என்று ஆரம்பித்தேன், “இன்னைக்கு அணி விஷயமா...”

“ஹான் அண்ணா, நான் ரெடி.” அவனுக்குத் தமிழ் கொஞ்சம் தேடித் தேடித்தான் வரும். “கே.டி. எப்போ? மம்மி பி ஆயி ஹை. நீங்க ஜெர்சி குடுக்கறது போட்டோ எடுக்கணும் சொல்லுது.”

திரும்பிப் பார்த்தேன். அவன் அம்மா மரியம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோட்டோரமாகப் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

ஜெர்சி என் தோளில் கிடந்தது. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. “பிறகு தொடர்புகொள்கிறோம்” என்பது தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. அந்தப் பையனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். என்னை இத்தனை நாள் ஆடவைத்த அதே கூச்சம்.

“வா தம்பி” என்று இடது மூலைக்குக் கூட்டிப் போனேன். “இந்த இடத்துல ஒரு பள்ளம் இருக்குது, கணுக்கால் ஜாக்கிரதை. ரெண்டாவது பாதியில வெயில் நேரா கண்ணுல அடிக்கும், கையை வெச்சு மறைச்சுக்கோ.” அதற்கு மேல் யோசித்தேன். நான்கு வருட அனுபவம் அத்தோடு தீர்ந்துவிட்டது.

“பந்து வந்தா அண்ணா?” என்றான். “பந்து வந்தா என்ன செய்றது?”

“தெரியாது தம்பி. இங்க பந்து வராது. ஒரே ஒரு தடவை வந்துச்சு, கீழ போட்டுட்டேன்.”

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முக்கியமான தகவல் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ஜெர்சியைக் கொடுத்தேன். மரியம்மாள் போட்டோ எடுத்தார். தூரத்தில் சவரிமுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

கிரிஜா என் கையில் தண்ணீர் பாட்டில் கூடையைக் கொடுத்தார். “சும்மா நிக்காதீங்க சார். தண்ணி கொண்டுபோக ஆளில்ல.”

அமலாவும் கோகுல்நாத்தும் வந்தபோது நான் கூடையோடு களத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். “மாப்ள எங்க நிக்கறாரு? எது அவரு இடம்?” என்று கோகுல்நாத் கத்திக் கேட்பது காதில் விழுந்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. எங்கே, அது சேறாகத்தான் இருந்தது, பிளக்கவில்லை. ஆனால் வழுக்கியது. எல்லோர் முன்னாலும் குப்புற விழுந்தேன், பாட்டில்கள் நாலு பக்கமும் உருண்டன. எங்கள் தரப்பில் அன்றைக்கு முதல் கைதட்டல் அதற்குத்தான்.

சுனில் நான் காட்டிய மூலையில் நிற்கவே இல்லை. உள்ளே வந்து, “இதர், இதர்! பால் தே!” என்று ஹிந்தியில் கத்திப் பந்தைக் கேட்டான். பந்து வந்தது. கீழே போட்டான். கூடையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினேன். “எனக்கும் இப்படித்தான் தம்பி...” என்று ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் ஒரு மடக்குக் குடித்து, பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, மறுபடியும் “பால் தே!” என்று கத்திக்கொண்டே ஓடினான். மறுபடியும் வந்தது. அப்புறமும் வந்தது. நான்கு வருடமாகப் பந்து வராத மூலை அது என்று நினைத்திருந்தேன். மூலையில் ஒரு குறையும் இல்லை. கேட்டவனுக்கு வந்தது. நான் ஒரு தடவையாவது கேட்டேனா? வந்துவிடப் போகிறதே என்றல்லவா நின்றேன்!

ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் பின்தங்கி இருந்தோம். தத்தா தலையைக் குனிந்து மோதினான், மூன்று பேர் அவன்மேல் தொங்கினார்கள், அப்படியே இழுத்துக்கொண்டு போய், விழுகிற நேரத்தில் பந்தைப் பின்னால் விட்டான். சுனில் எடுத்தான். இடது ஓரம், கண்ணில் வெயில். ஒரு கையை வைத்து மறைத்துக்கொண்டான். பள்ளத்தைத் தாண்டிக் குதித்தான். மூலையில் கொண்டுபோய் வைத்தான். புள்ளி சமன். நடுவர் விசில் ஊதினார். நான் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்தக் குவியலில் விழுந்தேன், எனக்கு அடியில் தத்தா, எனக்கு மேலே சவரிமுத்து.

எழுந்து வந்தபோது அமலா கோட்டோரம் நின்றிருந்தாள். கோகுல்நாத், “மாப்ள, தண்ணி குடுக்கறவரா நீங்க?” என்று கேட்டே விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மன்னிச்சுக்க அமலா. ஆடறதைப் பாக்கறதுக்குன்னு நீங்க வந்தா, நான்...”

“எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நாலு வருசமா அந்தச் சட்டையைத் துவைக்கறது யாருங்க? போட்டுட்டுப் போன மாதிரியே வரும். நானும் பாவம், எதுக்குக் கேட்டுட்டுன்னு மடிச்சு வெச்சுடுவேன்.” என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். சட்டை, கால்சட்டை, முழங்கை, காது மடல் வரைக்கும் சேறு. முந்தானையால் என் நெற்றியை ஒரு துடைப்புத் துடைத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“வாங்க போலாம். இன்னைக்காவது ஊற வெக்கறதுக்கு ஒரு துணி கெடைச்சுதே.”